வில்லோ மரப்பட்டையின் அழற்சி எதிர்ப்புச் சேர்மங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வில்லோ மரத்தின் பட்டையிலிருந்து சாலிசின் பிரிக்கப்பட்டது. சாலிசினிலிருந்து சாலிசிலிக் அமிலம் கிடைத்தது. அந்த அமிலத்தின் வழித்தோன்றலாக ஆஸ்பிரின் பிறந்தது. மரபு மருந்திலிருந்து நவீன மருந்து உருவானதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்வது இந்த வரலாற்றைத்தான். இதன் ஒவ்வொரு படியும் உண்மையே. ஆனால் படிகளை வரிசையாக அடுக்கிய பழக்கத்தால், வில்லோ பட்டை என்பது வீரியம் குறைந்த ஆஸ்பிரின் என்ற முடிவும் கூடவே ஒட்டிக்கொண்டது. பட்டை அழற்சியைத் தணிக்கிறது என்றால் அதற்குக் காரணம் சாலிசின்தான் என்ற அந்த முடிவு, மருந்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிற்பதில்லை. பட்டையின் வரலாறு, வேதியியல், மனிதர்களிடம் நடந்த சோதனைகள் ஆகிய மூன்றையும் அந்தக் கணக்கின் வழியாக அணுகுவதே இந்த ஆய்வின் முறை.

பண்டைய எகிப்திய, கிரேக்க மருத்துவர்கள் வில்லோவைப் பற்றிக் கூறியதாகப் பரவியிருக்கும் செய்திகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றுள் பல பிற்காலத்தவர் மூல நூல்களில் ஏற்றிப் படித்தவை. எந்த மருந்து, எவ்வளவு, என்ன விளைவு என்று அளந்து பார்க்க அவற்றில் இடமில்லை.

ஸ்டோனின் நோயாளிகள்

அளவோடு எழுதப்பட்ட முதல் குறிப்பு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரில் வாழ்ந்த பாதிரியார் எட்வர்டு ஸ்டோனுடையது. 1763 ஏப்ரல் 25 அன்று தேதியிட்டு இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன் வில்லோ பட்டையை எதேச்சையாகச் சுவைத்ததாகவும், அதன் கடுங்கசப்பு, காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட சின்கோனா மரப்பட்டையை நினைவூட்டியதாகவும் குறிப்பிடுகிறார். ஈர நிலத்தில் வளரும் மரம் என்பதால், ஈர நிலத்தில் மிகுதியாகக் காணப்படும் முறைக்காய்ச்சலுக்கு (விட்டுவிட்டுத் திரும்பும் காய்ச்சலுக்கு) அதுவே மருந்தாக இருக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். ஒரு பவுண்டு அளவுக்குப் பட்டையைச் சேகரித்து, ரொட்டி சுடும் அடுப்பின் வெளிப்புறத்தில் மூன்று மாதத்துக்கு மேல் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கினார். முதலில் ஏறத்தாழ 20 கிரெய்ன், அதாவது 1.3 கிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தார். போதவில்லை என்று கண்டு இருமடங்காக்கினார். பின்னர் ஒரு டிராம், அதாவது 3.9 கிராம் வரை உயர்த்தினார். ஏறக்குறைய ஐம்பது பேர் அவரிடம் இந்தப் பொடியைப் பெற்றார்கள்.

இந்தக் கடிதத்தின் மதிப்பு அதிலுள்ள வெற்றிகளைவிட, அவர் மறைக்காமல் எழுதிய தோல்விகளில் இருக்கிறது என்பது என் கருத்து. நெடுநாள் நீடித்த இலையுதிர்காலக் காய்ச்சலிலும், மூன்று நாளுக்கு ஒரு முறை திரும்பும் காய்ச்சலிலும் வில்லோ பொடி வேகத்தைக் குறைத்ததே தவிர, நோயை அறவே நீக்கவில்லை. அத்தகையோருக்கு ஐந்தில் ஒரு பங்கு சின்கோனா பட்டையைச் சேர்த்தபோதுதான் குணம் தெரிந்தது என்கிறார். இன்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. சின்கோனாவிலுள்ள குயினைன் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது. வில்லோ பட்டை காய்ச்சலை மட்டும் இறக்குகிறது. இரண்டு பட்டைகளும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதற்கான முதல் சான்று, அவை ஒரே மருந்து என்று நம்பியவரின் கையாலேயே எழுதப்பட்டுவிட்டது.

இப்போது அளவுக்கு வருவோம். ஸ்டோன் பயன்படுத்தியது வெண் வில்லோ எனக் கருதப்படுகிறது. இந்த இனத்தின் பட்டையில் சாலிசின் வகைச் சேர்மங்கள் பொதுவாக ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். ஊதா வில்லோ போன்ற இனங்களில் இதன் பல மடங்கு உண்டு. ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொண்டால், 3.9 கிராம் பொடியில் 39 மில்லிகிராம் சாலிசின் இருக்கும். இரவும் பகலும் விடாமல் நான்கு மணிக்கொரு முறை கொடுத்தாலும் நாளொன்றுக்கு 235 மில்லிகிராமைத் தாண்டாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய வில்லோ பட்டைச் சாறுகளுக்குப் பரிந்துரைக்கப்படும் நாளளவும் 120 முதல் 240 மில்லிகிராம் சாலிசின்தான்.

பட்டையிலிருந்து படிகத்துக்கு

1828இல் மியூனிக்கில் யோஹான் புக்னர், கசப்பான மஞ்சள் நிறப் பொருளொன்றைப் பட்டையிலிருந்து பிரித்துச் சாலிசின் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே பிரான்சில் ஆன்ரி லெரூ அதைத் தூய படிகங்களாகப் பெற்றார். 1838இல் இத்தாலியரான ரஃபேல் பிரியா, சாலிசின் என்பது ஒரு சர்க்கரைக் கூறும் ஒரு வளைய ஆல்கஹாலும் இணைந்த கிளைகோசைடு என்று காட்டி, அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைத் தயாரித்தார். ஹெர்மன் கோல்பே ஃபீனாலிலிருந்தே சாலிசிலிக் அமிலத்தைச் செய்யும் வழியைக் கண்டறிந்து, 1874இல் அது தொழிற்சாலை உற்பத்தியான பிறகு, மரத்தின் தேவையே இல்லாமல் போயிற்று. 1897இல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் தூய அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைத் தயாரித்தபோது மூலப்பொருளாக இருந்ததும் இந்தச் செயற்கை அமிலம்தான். கடையில் விற்ற எந்த ஆஸ்பிரின் மாத்திரைக்கும் வில்லோ மரம் தோலுரிக்கப்படவில்லை.

இந்த ஆய்வுக்கு இவர்கள் அனைவரையும்விட முக்கியமானவர், ஸ்காட்லாந்தின் டண்டி நகர மருத்துவர் தாமஸ் மக்லகன். சாலிசினைத் தனிப்பொருளாகவே கடும் மூட்டுக் காய்ச்சலுக்குக் கொடுத்து, அதன் விளைவை 1876இல் லான்செட் இதழில் அவர் வெளியிட்டார். நோயாளிக்குக் கொடுக்கும் முன் தாமே சாப்பிட்டுப் பார்த்தார். முதல் நோயாளிக்கு மூன்று மணிக்கொரு முறை 12 கிரெய்ன் கொடுத்துப் பின்னர் அளவை உயர்த்தினார். காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வலியும் விரைவாகத் தணிந்தன. 12 கிரெய்ன் என்பது 0.78 கிராம். மூன்று மணிக்கொரு முறை என்றால் நாளொன்றுக்கு ஆறு கிராமுக்கு மேல் வருகிறது. (ஈரமும் குளிரும் உள்ள இடத்தில் மூட்டுவாதம் மிகுதி, வில்லோவும் அங்கேதான் வளர்கிறது என்பதே மக்லகனுக்கும் வழிகாட்டிய சிந்தனை. தவறான அதே காரணம், ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பேரைச் சரியான மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.)

ஆக, சாலிசின் தனித்து நின்று அழற்சியைத் தெளிவாக அடக்கிய அளவு நாளொன்றுக்குச் சில கிராம்கள். பட்டைப் பொடியாலும் இன்றைய சாறுகளாலும் உடலுக்குள் போகும் சாலிசின் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இந்த இடைவெளிதான் நம் வினாவின் மையம்.

உடலுக்குள் சாலிசினின் பாதை

சாலிசின் வாய்வழி உட்கொள்ளப்பட்டதும் இரைப்பையில் பெரும்பாலும் மாறாமல் கடந்து செல்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் நொதிகள் அதன் சர்க்கரைக் கூற்றை வெட்டுகின்றன. மிஞ்சும் சாலிஜெனின் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சாலிசிலிக் அமிலமாகிறது. பட்டையின் வேறு சேர்மங்களான சாலிகார்டின், டிரெமுலாசின் போன்றவையும் சிதைந்து இதே பாதையில் வந்து சேர்கின்றன. ஆஸ்பிரினைப் போல இரைப்பைச் சுவரை நேரடியாகத் தாக்காமைக்கு, செயல்படும் வடிவம் குடலைத் தாண்டிய பிறகே உருவாகிறது என்பது ஒரு காரணம்.

மூலக்கூறு எடைகளைக் கொண்டு கணக்கிட்டால், 240 மில்லிகிராம் சாலிசின் முழுவதும் மாற்றமடைந்தாலும் 116 மில்லிகிராம் சாலிசிலிக் அமிலமே கிடைக்கும். அது 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் தரும் அளவுக்குச் சமம். உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், நலமான தன்னார்வலர்களுக்கு 240 மில்லிகிராம் சாலிசின் கொண்ட பட்டைச் சாற்றைக் கொடுத்து இரத்தத்தை அளந்தபோது, மொத்த சாலிசிலேட் அளவு 87 மில்லிகிராம் ஆஸ்பிரின் தரக்கூடியதோடு ஒத்திருந்தது. தலைவலிக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மூட்டழற்சிக்கு நாளொன்றுக்குச் சில கிராம்களும் தேவைப்படும் நிலையில், 87 மில்லிகிராமால் வலி குறைந்தது என்று சொன்னால் மருந்தியலர் எவரும் ஏற்கமாட்டார்.

எனவே இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். பட்டைச் சாறு உண்மையில் வேலை செய்வதில்லை. அல்லது சாலிசினைத் தவிர வேறு ஏதோ வேலை செய்கிறது.

மனிதரிடம் நடந்த சோதனைகள்

முதல் சாத்தியத்தை எளிதில் தள்ளிவிட முடியாது; சோதனைகளின் முடிவுகள் ஒரே திசையில் இல்லை. வலுவான ஆதரவு கீழ்முதுகு வலியிலிருந்து வருகிறது. 2000ஆம் ஆண்டு வெளியான சோதனையில், நாள்பட்ட முதுகுவலி திடீரென அதிகரித்த 210 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு நான்கு வாரம் சிகிச்சை பெற்றார்கள். கடைசி வாரத்தில் குறைந்தது ஐந்து நாளாவது, மாற்று வலிநிவாரணி இல்லாமல் வலியின்றி இருந்தவர்கள், 240 மில்லிகிராம் குழுவில் 39 சதவீதம், 120 மில்லிகிராம் குழுவில் 21 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 6 சதவீதம். அளவு கூடக் கூட விளைவும் கூடியிருப்பது, இந்த வேறுபாடு தற்செயலானதல்ல என்று நம்ப இடம் தருகிறது. போலி மாத்திரைக் குழுவின் ஆறு சதவீதம் வழக்கத்துக்கு மாறாகக் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டையின் கசப்பும் துவர்ப்பும் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்திருக்குமோ என்று ஐயுறுவதில் தவறில்லை.

மூட்டுத் தேய்மானத்தில் படம் கலங்கியிருக்கிறது. 78 பேரிடம் இரண்டு வாரம் நடந்த சோதனையில், வலி மதிப்பெண் பட்டைச் சாற்றுக் குழுவில் 14 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரைக் குழுவில் 2 சதவீதம் கூடியது. சிறியதே ஆயினும் உண்மையான வேறுபாடு. ஆனால் 2004இல் வெளியான, 127 பேர் பங்கேற்ற ஆறு வாரச் சோதனையில், அதே 240 மில்லிகிராம் அளவு வலியை 17 சதவீதம்தான் குறைத்தது; போலி மாத்திரை 10 சதவீதமும், டைக்ளோஃபெனாக் என்ற வழக்கமான வலிநிவாரணி 47 சதவீதமும் குறைத்தன. முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. அதே ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகள் 26 பேரிடம் செய்த சிறு சோதனையிலும் பயன் தெரியவில்லை. முடக்குவாதம் கடுமையான அழற்சி நோய் என்பதால், அங்கே தோற்றது கனமான சான்றுதான். பட்டைச் சாற்றின் விளைவு மிதமானது, சில வலிகளுக்கு உதவக்கூடியது, கடும் அழற்சியை அடக்கப் போதாதது என்பதற்கு மேல் இந்த எண்கள் எதையும் சொல்லவில்லை.

ஆயினும் அந்த மிதமான விளைவுக்கே 87 மில்லிகிராம் ஆஸ்பிரின் கணக்கு போதாது.

பட்டையின் மற்ற பொருள்கள்

வில்லோ பட்டையில் சாலிசின் வகையோடு டானின்கள், காட்டெக்கின், அவை பலவாக இணைந்த புரோஆந்தோசயனிடின்கள், ஃபிளாவனாய்டுகள் ஆகியவை கணிசமாக உள்ளன. சாலிசினின் எடையைவிட இந்தப் பாலிஃபீனால்களின் எடை பல மாதிரிகளில் அதிகம். வேதியியலர்கள் படிகத்தைத் தேடியபோது, படிகமாகாத இந்தப் பழுப்பு நிறக் கரைசல்களை அழுக்கென்று ஒதுக்கினார்கள். தூய்மையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்த காலத்தில் அது இயல்பான செயல். ஆனால் ஒதுக்கப்பட்டதில் என்ன இருந்தது என்று கேட்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

2005இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. தோலுக்கடியில் காற்றுப்பை உண்டாக்கி அதில் அழற்சியைத் தூண்டும் முறையிலும், செயற்கையாக மூட்டழற்சியை உருவாக்கும் முறையிலும், நீரில் எடுத்த வில்லோ பட்டைச் சாறும் ஆஸ்பிரினும் ஒரே எடையில் ஒப்பிடப்பட்டன. சாற்றின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சாலிசின் வகை. அப்படியிருந்தும் வெள்ளணுக்கள் குவிவதைத் தடுப்பதிலும் அழற்சித் தூண்டிகளைக் குறைப்பதிலும் சாறு ஆஸ்பிரினுக்கு ஈடுகொடுத்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்ற வழக்கமான எச்சரிக்கை இங்கும் உண்டு. எனினும், சாற்றில் மிஞ்சிய முக்கால் பங்கு வெறும் நிரப்புப் பொருளல்ல என்று கருத இது போதுமான ஆதாரம். சாற்றைப் பகுதிகளாகப் பிரித்துச் செல்களில் சோதித்த பின்வந்த ஆய்வுகளும், பாலிஃபீனால் பகுதியும் ஃபிளாவனாய்டு பகுதியும் விளைவில் பங்கேற்பதாகவே கூறின.

இன்னொரு துப்பு சாலிகார்டினிடமிருந்து கிடைத்தது. இது பட்டையில் சாலிசினைவிட மிகுதியாக இருக்கக்கூடிய, எளிதில் சிதையும் சேர்மம். சிதையும்போது ஒரு புறம் சாலிஜெனினையும் மறுபுறம் கேட்டகாலையும் தருகிறது. இந்தக் கேட்டகால், இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில், வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் புரதத்தின் உற்பத்தியைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அழற்சி தொடங்கும் இடத்துக்கு வெள்ளணுக்கள் வந்து சேருவதைக் குறைப்பதும் அழற்சி எதிர்ப்பின் ஒரு வழியே. சாலிசினை மட்டும் எடைபோடும் கணக்கில் இந்தப் பங்கு எங்கும் பதிவாகாது.

சாலிகார்டின் வெப்பத்தில் நிலைப்பதில்லை என்பதால், பட்டையை எப்படி உலர்த்தினோம் என்பதே அதன் உள்ளடக்கத்தை மாற்றிவிடும். ஸ்டோனின் அடுப்புச் சூட்டில் மூன்று மாதம் கிடந்த பட்டையும், நிழலில் உலர்ந்த பட்டையும் ஒரே மரத்தினுடையவையாக இருந்தாலும் ஒரே மருந்தாக இருந்திருக்க மாட்டா. மரத்தைப் பொறுத்தவரை இச்சேர்மங்கள் தழை தின்னிகளுக்கு எதிரான காவல். ஆனால் சில இலைவண்டுகளின் புழுக்கள் சாலிசினை விழுங்கி, அதையே சாலிசில் ஆல்டிஹைடாக மாற்றி, தம்மைத் தின்ன வருபவற்றின் மேல் சுரக்கின்றன; இந்த மரத்தின் மருந்தைப் பிரித்தெடுக்கக் கற்றவர்களுள் நாம் முதல்வர்கள் அல்லர்.

ஆஸ்பிரினிலிருந்து எங்கே பிரிகிறது

1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள், வலியையும் அழற்சியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். அதற்காக 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தச் சோதனைக்குழாய் அளவீடுகளிலேயே, ஆஸ்பிரினைவிட சாலிசிலேட் வலுக்குறைந்து காணப்பட்டது. ஆஸ்பிரின் தன் அசிட்டைல் தொகுதியை, புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் மீது நிலையாக ஒட்டவைத்து அதை முடக்குகிறது. சாலிசிலிக் அமிலத்திடம் ஒட்டவைக்க அப்படி ஒன்று இல்லை. அது அழற்சி மரபணுக்களின் வெளிப்பாட்டை அடக்குவது போன்ற பிற வழிகளில், பெரும்பாலும் உயர்ந்த அளவில், செயல்படுகிறது.

இந்த வேறுபாடு நடைமுறையில் மிகத் தெளிவாகத் தெரிவது இரத்தத் தட்டணுக்களில். உட்கருவற்ற தட்டணுவால் முடங்கிய நொதிக்குப் பதிலாகப் புதியதைச் செய்துகொள்ள முடியாது. எனவே ஆஸ்பிரினின் விளைவு அந்த அணுவின் வாழ்நாளான எட்டு முதல் பத்து நாள் வரை நீடிக்கிறது. 240 மில்லிகிராம் சாலிசின் தரும் பட்டைச் சாற்றை உட்கொண்டவர்களிடம் ஓர் ஆய்வில் தட்டணுக்களின் திரட்சி அளக்கப்பட்டபோது, அது 61 சதவீதமாக இருந்தது. போலி மாத்திரைக் குழுவில் 78, ஆஸ்பிரின் குழுவில் 13. ஆகவே, மாரடைப்பைத் தடுக்க மருத்துவர் பரிந்துரைத்த ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு இயற்கை மாற்றென்று வில்லோ பட்டையை எடுத்துக்கொள்பவர் தமக்குத் தேவையான பாதுகாப்பை இழக்கிறார். வரலாற்றுக் கதையைக் கேட்டு மனத்தில் பதியும் சமன்பாடு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய இடம் இது. 61க்கும் 78க்கும் இடையிலான சிறு வேறுபாட்டையும் புறக்கணிக்க இயலாது என்பதால், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு எதிர்ப்பு மருந்துகளோடு சேர்த்து உட்கொள்வதும் பாதுகாப்பானதல்ல.

ஒவ்வாமையில் மட்டும் இரண்டும் நெருங்கிவருகின்றன. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு, வில்லோ பட்டை கலந்த துணை உணவுப் பொருளால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்ட நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வருபவர்களும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறியின் அபாயத்தால் காய்ச்சலுள்ள குழந்தைகளும், கருவுற்றவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

அளவுகோல் பற்றிய சிக்கல்

ஐரோப்பிய மருந்து நூல், வில்லோ பட்டையில் மொத்த சாலிசிலிக் வகைச் சேர்மங்கள், சாலிசினாகக் கணக்கிட்டு, குறைந்தது 1.5 சதவீதம் இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. இந்த வரம்பில் சராசரி வெண் வில்லோ தேறுவது கடினம். ஸ்டோனின் பட்டையை இன்றைய தரக்கட்டுப்பாட்டாளர் ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. தரத்துக்கு ஏதோ ஓர் எண் வேண்டும், அளக்க எளிதானது சாலிசின் என்பதால் இந்த வரையறை நியாயமானது. ஆனால் நீரில் எடுத்த சாறும் எத்தனாலில் எடுத்த சாறும் ஒரே சாலிசின் எண்ணைக் காட்டியபடியே, பாலிஃபீனால்களில் பெரிதும் வேறுபடக்கூடும். விளைவின் ஒரு பகுதி அந்தப் பாலிஃபீனால்களிடம் இருக்குமானால், குப்பியின் மேல் அச்சிட்ட மில்லிகிராம் எண் மருந்தின் பாதியை மட்டுமே அறிவிக்கிறது. சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதே என் ஊகம்.

ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு இந்தச் சிக்கலைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. நிலைபெற்ற மருத்துவப் பயன்பாடு என்ற தகுதியை எல்லா வில்லோ பட்டைத் தயாரிப்புகளுக்கும் அது வழங்கவில்லை. 70 சதவீத எத்தனாலில் எடுக்கப்பட்ட, செறிவு வரையறுக்கப்பட்ட ஓர் உலர்சாற்றுக்கு மட்டும், பெரியவர்களின் கீழ்முதுகு வலிக்குக் குறுகிய காலம் பயன்படுத்த என்று வழங்கியது. பொடியும் தேநீரும் பிற சாறுகளும், சிறு மூட்டுவலி, சளிக்காய்ச்சல், தலைவலி ஆகியவற்றுக்கான மரபுப் பயன்பாடு என்ற தனிப் பட்டியலில் வைக்கப்பட்டன.